பழி சொல்ல ஆகும் செலவு

நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை வாங்கிய ஆயிரக்கணக்கான பெற்றோரை மோசடிக்காரர்கள் என்று அரசே முத்திரை குத்தி, கொடுத்த பணத்தையெல்லாம் திருப்பிக் கேட்டுத் தெருவில் விட்டது. அந்த விவகாரம் எங்கே பேசப்பட்டாலும் ‘அல்காரிதம் பண்ணின தப்பு’ என்று ஒரு வாக்கியம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆஸ்திரேலியாவின் ரோபோடெட் பற்றிப் பேசினாலும் அதேதான். பெயரிலேயே ரோபோ இருக்கிறது, வேறென்ன வேண்டும்.

பத்து வருஷத்துக்கும் மேலாக சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிற எனக்கு இந்த வாக்கியத்தைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. அந்த இரண்டு அமைப்புகளும் தங்களுக்குச் சொல்லப்பட்டதைப் பிசகில்லாமல் செய்தன. டெஸ்டிங்கில் மாட்டாமல் நழுவிய பக் என்று எதுவும் அங்கே கிடையாது. ரிக்வயர்மென்ட் டாக்குமென்டில் என்ன கேட்டார்களோ அது நடந்தது. கேட்டவர்களுக்குப் பெயர் இருக்கிறது, அப்போது பதவி இருந்தது, சிலருக்குப் பிறகு அதைவிடப் பெரிய பதவி கிடைத்தது. மெஷின்மேல் பழியைப் போட்டால் இவர்கள் அத்தனை பேரும் அமைதியாக வீட்டுக்குப் போய்விடுவார்கள். போயும் விட்டார்கள்.

டச்சுக் கதையை 2013இலிருந்து சொல்ல வேண்டும். அந்த வருஷம் ஏப்ரலில் டச்சுத் தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி. பல்கேரியாவிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து, நெதர்லாந்தில் ஏதோ ஒரு முகவரியில் பதிவுசெய்து, வங்கிக் கணக்கு திறந்து, வாடகை உதவி, மருத்துவக் காப்பீட்டு உதவி என்று விண்ணப்பம் போட்டு, பணம் விழுந்ததும் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுகிற ஒரு கும்பலைப் பற்றியது. உண்மையான மோசடிதான், சந்தேகமில்லை. தொகை சுமார் 40 லட்சம் யூரோ. அந்த நாட்டின் பட்ஜெட்டில் இது பெட்டிக்கடைச் சில்லறை. ஆனால் நாடாளுமன்றம் கொதித்தது. வரித்துறைக்குப் பொறுப்பான இணை அமைச்சர் ஃபிரான்ஸ் வேகர்ஸ் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைச் சந்தித்துத் தட்டுத்தடுமாறித் தப்பினார். இடது, வலது வித்தியாசமில்லாமல் கட்சிகள் கேட்டது ஒன்றுதான்: இன்னும் கடுமை. பிரதமர் மார்க் ருட்டேயின் தலைமையிலேயே மோசடி ஒழிப்புக்கு ஓர் அமைச்சர் குழு அமைந்தது. வரித்துறைக்குள் ஒரு தனிப்படை முளைத்தது. மோசடி ஒழிப்புக்கு ஆகிற செலவைப் பிடிபடுகிற பணமே ஈடுகட்டிவிட வேண்டும் என்ற கணக்கும் கூடவே வந்தது. போலீஸ் ஸ்டேஷனுக்கு மாசக் கடைசியில் கேஸ் கணக்குக் காட்டச் சொன்னால் என்ன நடக்கும் என்று நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை நெதர்லாந்தில் இயங்கும் விதம் கொஞ்சம் சுற்றிவளைத்தது. காப்பகத்துக்குப் பணம் கட்ட வேண்டியவர் பெற்றோர். அதில் பெரும்பகுதியை அரசு முன்பணமாகப் பெற்றோரின் கணக்கில் போடும். இந்த வருஷம் உன் வருமானம் என்னவாக இருக்கும் என்று நீயே உத்தேசமாகச் சொல்ல வேண்டும். வருஷம் முடிந்ததும் கணக்குப் பார்த்துக் கூடக்குறைய சரிசெய்வார்கள். மிச்சத்தை, சிறிய பங்கை, நீ உன் கையிலிருந்து கட்ட வேண்டும். கட்டினேன் என்று ரசீது காட்ட வேண்டும். சட்டத்தை வரித்துறை எப்படி வாசித்தது தெரியுமா? அந்தச் சிறிய பங்கில் சில நூறு யூரோவுக்கு ரசீது இல்லையென்றால், அந்தச் சில நூறை மட்டும் பிடிக்க மாட்டார்கள். வருஷம் முழுக்கக் கொடுத்த தொகை அத்தனையும் திரும்பக் கட்ட வேண்டும். ஒப்பந்தத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்தாலும் அப்படியே. இப்படித்தான் பல்லாயிரம் யூரோ கடன் நோட்டீஸ், ஆஸ்பத்திரியில் கிளீனராகவும் கடையில் பில் போடுபவராகவும் வேலை பார்க்கிற அம்மாக்களின் வீட்டுக்கு வந்து விழுந்தது. அந்நாட்டின் உயர்ந்த நிர்வாக நீதிமன்றம் இந்த வாசிப்பைப் பல வருஷம் சரியென்றே சொல்லிக்கொண்டிருந்தது. 2019 அக்டோபரில்தான் மனசு மாறியது.

இதில் மாடல் எங்கே வருகிறது? யாரைச் சோதிப்பது என்று முடிவு செய்யும் இடத்தில். 2013 முதல் விண்ணப்பங்களுக்கு அபாய மதிப்பெண் போடும் ஒரு மாடல் ஓடியது. டச்சுக் குடியுரிமை உண்டா இல்லையா என்பது அதற்குக் கொடுக்கப்பட்ட குறியீடுகளில் ஒன்று. மதிப்பெண் அதிகமானவை ஊழியரின் மேசைக்குப் போயின. ஏன் அதிகம் என்று அந்த ஊழியருக்குச் சொல்லப்படவில்லை. பூட்டிய டப்பாவுக்குள்ளிருந்து ஒரு நம்பர், கீழே ஒரு மனிதப் பெயர். பார்க்கிறவர் என்ன நினைப்பார்? ஏதோ இருக்கத்தானே செய்யும் என்று நினைப்பார். தனிப்படையினரிடம் வேறொரு எண்ணமும் இருந்தது: ஒரு காப்பக ஏஜென்சியைப் பிடித்தால், அதன் வாடிக்கையாளர்களில் 80 சதவீதம் பேர் குற்றவாளிகள், 20 சதவீதம் பேர் நல்லவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். எந்த ஆய்விலிருந்தும் வந்த எண் இல்லை இது. ஆபீஸ் வழக்கு.

ஐந்தோவன் நகரில் அப்படி ஒரு ஏஜென்சியைப் பிடித்தார்கள், 2014இல். இருநூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு முதலில் பணத்தை நிறுத்தினார்கள், விசாரணை பிறகு. ஆட்சேப மனுக்களுக்கு வருஷக்கணக்கில் பதில் இல்லை. ஏவா கொன்சாலெஸ் பெரெஸ் என்ற வழக்கறிஞர் விடாமல் துரத்தியதால்தான் கதை வெளியே வந்தது. அவருடைய கணவர் நடத்திய ஏஜென்சிதான் அது, அதனால் அவரால் விட முடியவில்லை. அவருக்குப் பின்னால் பீட்டர் ஓம்ட்சிக்ட், ரென்ஸ்கே லெய்தன் என்று இரண்டு எம்பிக்கள். ஒருவர் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி, இன்னொருவர் சோஷலிஸ்ட். ஓம்ட்சிக்டின் கட்சி ஆளுங்கூட்டணியிலேயே இருந்தது. அவர்களோடு ‘த்ரோவ்’ நாளிதழின், ஆர்டிஎல் செய்திப் பிரிவின் நிருபர்கள். இத்தனை பேர் இத்தனை வருஷம் தள்ளினால்தான் ஒரு கதவு திறக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். நெதர்லாந்தில். நம் தாலுகா ஆபீஸில் இல்லை.

*

எங்கள் தொழிலில் இதை விளக்குவது சுலபம். மோசடியைக் கண்டுபிடிக்கிற மாடல் ஒன்று, இவன் திருடன், இவன் திருடனில்லை என்று சொல்லாது. ஒரு எண் கொடுக்கும், அவ்வளவுதான். எந்த எண்ணுக்கு மேலே போனால் சந்தேகப்படுவது என்கிற கோட்டை ஒரு மனிதர்தான் போட வேண்டும். கோட்டைக் கீழே இறக்கினால் நிறையத் திருடர்கள் மாட்டுவார்கள், கூடவே நிறைய அப்பாவிகளும். மேலே ஏற்றினால் அப்பாவிகள் தப்புவார்கள், அவர்களோடு சில திருடர்களும். இரண்டு தவறும் நேராத இடம் என்று ஒன்றை எந்தக் கொம்பனாலும் காட்ட முடியாது. எந்தத் தவறு நடந்தால் யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்று தெரிந்தால்தான் கோட்டை எங்கே போடுவது என்பதே புரியும்.

கிரெடிட் கார்டு கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியூரில் ஹோட்டல் பில் கட்டும்போது கார்டு பிளாக் ஆனால் நீங்கள் கஸ்டமர் கேரைக் கூப்பிட்டுக் கத்துவீர்கள். ரெண்டு தடவை நடந்தால் வேற பேங்க் கார்டு வாங்கிவிடுவீர்கள். நஷ்டம் கம்பெனிக்கு. அதனால் அது கோட்டைப் பயந்து பயந்து போடும், ‘இது நீங்கள்தானா’ என்று ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிக் கேட்கும். நலத்திட்டத் துறைக்கு அந்தப் பயம் கிடையாது. தப்பாக நிறுத்தப்பட்ட பெண் வேறு அரசாங்கத்துக்குப் போர்ட் பண்ணிக்கொண்டு போக முடியாது. இதைவிடக் கொடுமை, கணக்குப் புத்தகத்தில் அவளுக்குக் கொடுக்காமல் விட்ட பணமும் நிஜத் திருடனிடம் மீட்ட பணமும் ஒரே வரியில் விழுகின்றன. அந்த வரியின் தலைப்பு ‘சேமிப்பு’. துறைத் தலைவர் அதைக் காட்டிப் பாராட்டு வாங்குவார். இப்படி ஒரு ஸ்கோர்போர்டைக் கையில் கொடுத்துவிட்டு, கோட்டை எங்கே போடுவாய் என்று கேட்டால், எந்தப் புத்திசாலியும் தரையோடு தரையாகத்தான் போடுவான்.

அல்காரிதத்தில் சார்பு இருந்தது, அதை நீக்கினால் சரியாகிவிடும் என்று எழுதுகிற நல்ல மனசுக்காரர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. குடியுரிமை என்ற குறியீட்டை நீக்கியிருக்க வேண்டும், ஆமாம். அந்தத் தகவலைக் கையாண்ட விதத்துக்காக டச்சுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் வரித்துறைக்கு 2021இல் 27.5 லட்சம் யூரோ அபராதம் போட்டது. (அரசின் ஒரு பையிலிருந்து அரசின் இன்னொரு பைக்கு. பொதுமக்கள் கைதட்டலாம்.) ஆனால் குறியீட்டை நீக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? டச்சுக் குடியுரிமை உள்ள அம்மாவும் இல்லாத அம்மாவும் சரிசமமாகத் தெருவுக்கு வந்திருப்பார்கள். நூறு யூரோ ரசீதுக்கு வருஷத்தொகை முழுவதையும் பிடுங்கு என்ற விதியை எந்த மாடலும் கற்றுக்கொள்ளவில்லை. அது மனிதர்கள் எழுதி, மனிதர்கள் சரிபார்த்து, நீதிபதிகள் ஆமோதித்த விதி.

உள்ளேயே ஒருவர் சொல்லியும் இருக்கிறார். வரித்துறையின் சட்ட ஆலோசகர் சாண்ட்ரா பால்மன் 2017 மார்ச்சில் ஒரு குறிப்பு எழுதினார்: ஐந்தோவன் வழக்கில் துறை நடந்துகொண்டது தவறு, பெற்றோருக்கு இழப்பீடு கொடுத்துவிடுங்கள் என்று. குறிப்பு அலமாரிக்குள் போனது, 2020 அக்டோபரில்தான் வெளியே வந்தது. இடையில் இருந்த மூன்றரை வருஷமும் நோட்டீஸ்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. 2019 டிசம்பரில், தங்கள்மேல் என்னதான் குற்றம் என்று கேட்ட பெற்றோருக்குக் கோப்புகள் கொடுக்கப்பட்டன. பக்கம் பக்கமாகக் கறுப்பு மை. வரிகளே இல்லாத கோப்பு. அந்தப் படங்களைப் பார்த்திருக்கிறேன். பிரிண்டரில் கார்ட்ரிட்ஜ் கசிந்ததுபோல இருக்கும்.

2020 டிசம்பரில் நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் அறிக்கை வந்தது. தலைப்பே ‘முன்னெப்போதும் இல்லாத அநீதி’. 2021 ஜனவரி 15 அன்று ருட்டே அமைச்சரவை மொத்தமாக ராஜினாமா செய்தது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் ஆகா, இதுவல்லவோ பொறுப்பேற்பு என்று எழுதின. ருட்டே சைக்கிளில் போனார், அந்தப் போட்டோவும் வந்தது. நம் ஆட்களும் அதைப் பகிர்ந்து உருகினார்கள். ரெண்டு மாசம் கழித்து மார்ச் மாதத் தேர்தலில் ருட்டேயின் கட்சி மறுபடியும் முதலிடம். 2022 ஜனவரியில் அதே நான்கு கட்சிகளின் கூட்டணி, அதே பிரதமர். 2024 அக்டோபரில் அவர் நேட்டோவின் பொதுச் செயலாளர் ஆனார். வரித்துறை அதிகாரிகள்மேல் வழக்கு உண்டா என்று அரசு வழக்குத் துறையிடம் கேட்டபோது, 2021 ஜனவரியிலேயே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வரித்துறை அரசின் அங்கம், அரசின்மேல் குற்ற வழக்குப் போட முடியாது.

பாதிக்கப்பட்டவர்கள் என்று இதுவரை ஏற்றுக்கொள்ளப்பட்ட பெற்றோர் 30,000 பேருக்கும் மேல். ஆளுக்குக் குறைந்தது 30,000 யூரோ என்று அறிவித்தார்கள். அதைக் கணக்குப் பார்த்துக் கொடுத்து முடிக்கவே வருஷங்கள் ஓடிவிட்டன. கடன்பட்ட குடும்பங்களிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் குழந்தைகள் நலத்துறையால் பிரித்து வேறிடத்தில் வைக்கப்பட்டதை அந்நாட்டின் புள்ளிவிவர நிறுவனம் எண்ணிச் சொன்னது. எல்லாமே இந்தக் கடனால்தான் என்று நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முடியாது என்பதை இந்த ஓர் இடத்தில் மட்டும் அரசு மிகவும் கவனமாகக் கடைப்பிடித்தது.

*

ஆஸ்திரேலியாவில் மாடல்கூட இல்லை. வெறும் வகுத்தல் கணக்கு.

அங்கே வேலையில்லாதவர்களுக்கான உதவித்தொகை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும். அந்த இரண்டு வாரத்தில் என்ன சம்பாதித்தாய் என்று சொல்ல வேண்டும். நிதியாண்டு ஜூலையில் தொடங்குகிறது. ஒரு இளைஞன் ஜூலை முதல் டிசம்பர் வரை வேலை பார்த்தான், இரண்டு வாரத்துக்கு 2,000 டாலர் வீதம் 13 தடவை சம்பளம், மொத்தம் 26,000. ஜனவரியில் வேலை போய்விட்டது. ஜூன் வரை உதவித்தொகை வாங்கினான், வருமானம் பூஜ்ஜியம் என்று உண்மையைச் சொன்னான். 2016இல் பெரிய அளவில் அறிமுகமான ரோபோடெட் என்ன செய்தது? வரித்துறையிடமிருந்து 26,000 என்ற வருஷ எண்ணை வாங்கி 26ஆல் வகுத்தது. இரண்டு வாரத்துக்கு 1,000 வந்தது. அப்படியானால் ஜனவரிக்குப் பிறகும் நீ 1,000 சம்பாதித்திருக்கிறாய், மறைத்திருக்கிறாய், கடன்காரன் ஆனாய். இல்லையென்றால் பல வருஷத்துக்கு முந்தைய சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து காட்டு. அந்த ஓட்டல் மூடிப் போயிருக்கும், முதலாளி போன் எடுக்க மாட்டார்.

முன்பு இந்த மாதிரி முரண்பாடு வந்தால் ஓர் ஊழியர் உட்கார்ந்து பார்ப்பார். அந்தப் படியைத் தூக்கிவிட்டார்கள். வருஷத்துக்கு 20,000 என்று போய்க்கொண்டிருந்த கடிதங்கள் வாரத்துக்கு 20,000 ஆயின. எங்கள் மொழியில் இதற்குப் பெயர் ஸ்கேலிங். இது சட்டத்துக்கு ஒத்துவராது என்று சமூக சேவைகள் துறையின் சொந்த வழக்கறிஞர்களே 2014 டிசம்பரில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். திட்டம் சேமித்துத் தரப்போகும் பணம் 2015 பட்ஜெட்டில் நூறு கோடி டாலருக்கும் மேல் என்று ஏற்கெனவே எழுதப்பட்டாயிற்று. பட்ஜெட்டில் வரவு வைத்துவிட்ட பணத்தைச் சட்டம் தடுக்க முடியுமா?

2019 நவம்பரில் நீதிமன்றத்தில் அரசே ஒப்புக்கொண்டது, இது சட்டவிரோதம் என்று. 2020இல் 4,70,000 கடன்களைத் தள்ளி 72.1 கோடி டாலரைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. 2023 ஜூலையில் கேத்தரின் ஹோம்ஸ் தலைமையிலான ராயல் கமிஷனின் அறிக்கை வந்தது. தற்கொலை செய்துகொண்ட இளைஞர்களின் தாய்மார்கள் அந்தக் கமிஷன் முன்பு சாட்சி சொன்னார்கள். திட்டம் உருவானபோது சமூக சேவைகள் அமைச்சராக இருந்தவர் ஸ்காட் மோரிசன். 2018இல் பிரதமர் ஆனார். மனிதவளச் சேவைகளுக்கான அமைச்சராக இருந்த ஆலன் டட்ஜ் 2016 டிசம்பரில் டிவியில் தோன்றி, உங்களைத் தேடிக் கண்டுபிடிப்போம், ஜெயிலுக்கும் போக நேரிடலாம் என்ற தொனியில் பேசினார். கமிஷன் சுட்டிக்காட்டிய ஆறு பேரை விசாரிக்கப்போவதில்லை என்று ஊழல் தடுப்பு ஆணையம் 2024 ஜூனில் கைவிரித்தது. எதிர்ப்பு கிளம்பி, 2025 பிப்ரவரியில்தான் விசாரிக்கச் சம்மதித்தது. ஜெயிலுக்குப் போவீர்கள் என்று மிரட்டியவர்களில் ஒருவரும் இதற்காக ஜெயில் வாசலைப் பார்க்கவில்லை.

*

இந்த இடத்தில் என் ஆபீஸ் நண்பர்கள் குறுக்கிடுவார்கள். “அப்போ மோசடியே நடக்கலைன்றியா மச்சி? நம்ம டாக்ஸ் பணம்டா.” நியாயமான கேள்வி. மினசோட்டாவைப் பார்ப்போம்.

அமெரிக்காவின் அந்த மாநிலத்தில் கொரோனா காலத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட ஒன்றிய அரசு பணம் கொடுத்தது. பள்ளிகள் மூடியிருந்ததால் விதிகளைத் தளர்த்தினார்கள். ‘ஃபீடிங் அவர் ஃப்யூச்சர்’ என்ற தொண்டு நிறுவனம் தன் கீழ் உணவு மையங்களைப் பதிவுசெய்து பில் அனுப்பியது. தினம் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் சாப்பிட்டதாகக் காகிதத்தில் எழுதிய மையங்களில் பிள்ளைகளே இல்லை. 2022 செப்டம்பரில் 47 பேர்மேல் குற்றச்சாட்டு, தொகை 25 கோடி டாலர். பின்னர் எண்ணிக்கை எழுபதைத் தாண்டியது. நிறுவனத்தின் தலைவி ஏமி பாக் 2025 மார்ச்சில் குற்றவாளி என்று தீர்ப்பானது. இடையில் ஒரு வழக்கில் ஜூரி ஒருவரின் வீட்டில் 1,20,000 டாலரைப் பரிசுப் பையில் போட்டு வைத்துவிட்டுப் போனார்கள். நம் சினிமாவில் இந்தக் காட்சியை வைத்தால் ஓவர் என்போம்.

ஆக, பெரிய மோசடி நடக்கத்தான் செய்கிறது. எங்கே நடந்தது என்று பாருங்கள். பில் போடுகிற இடத்தில், மொத்தமாகப் பணம் கைமாறுகிற இடத்தில். சாப்பிட்ட பிள்ளையின் அம்மாவிடம் எத்தனை சான்றிதழ் கேட்டிருந்தாலும் இது பிடிபட்டிருக்காது, ஏனென்றால் பிள்ளையே கிடையாது. மாநிலக் கல்வித் துறைக்கு 2020லேயே சந்தேகம் இருந்தது. கொஞ்சம் இழுத்துப் பிடித்ததும் நிறுவனம் பாகுபாடு என்று சொல்லி வழக்குப் போட்டது, துறை பின்வாங்கியது. வக்கீல் வைக்க வசதியுள்ளவர் எதிர்த்து நின்றால் அரசின் மோசடி வேட்டை எவ்வளவு பணிவாக நடந்துகொள்கிறது! ஐந்தோவன் அம்மாக்களுக்கு இந்தப் பணிவில் கால்வாசி கிடைத்திருக்கலாம். துறையின் கண்காணிப்பு போதாமையே மோசடிக்கு இடம் கொடுத்தது என்று மாநிலச் சட்டமன்றத் தணிக்கையாளர் 2024இல் எழுதினார்.

அதன்பிறகு நடந்ததுதான் என் வாதத்துக்கு முக்கியம். ஏமி பாக் வெள்ளைக்காரப் பெண். குற்றம் சாட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் சோமாலியா வம்சாவளியினர். 2025 கடைசியில் அதிபர் டிரம்ப் அந்தச் சமூகம் முழுவதையும் வசைபாடினார். குழந்தைக் காப்பகங்களிலும் மோசடி என்று குற்றச்சாட்டுகள் கிளம்பியதும், எதுவும் நிரூபணமாவதற்கு முன்பே மினசோட்டாவுக்கான குழந்தைப் பராமரிப்பு நிதியை அவருடைய அரசு நிறுத்தி வைத்தது. அதாவது, நோட்டீஸே இல்லாமல் மாநிலத்தின் எல்லா அம்மாக்களும் ஒரே நாளில் சந்தேகத்துக்குரியவர்கள் ஆனார்கள். 2026 ஜனவரியில் ஆளுநர் டிம் வால்ஸ் மூன்றாம் முறை போட்டியிடப்போவதில்லை என்று அறிவித்தார்.

வால்ஸ் மோசடியைக் கோட்டைவிட்டவர். அரசியல் வாழ்க்கை அங்கே நின்றது. நிற்கட்டும், தவறில்லை. ருட்டேயும் மோரிசனும் திருடாதவர்களைத் திருடர்கள் என்று சொன்ன அரசுகளில் இருந்தவர்கள். ஒருவர் நேட்டோ போனார், இன்னொருவர் பிரதமர் ஆனார். இதைப் பார்க்கிற அடுத்த அமைச்சர் என்ன கற்றுக்கொள்வார்? ஒரு திருடனை விட்டால் என் நாற்காலி போகும், ஆயிரம் அப்பாவிகளைப் பிடித்தால் ஒன்றும் ஆகாது. கோடு எங்கே விழும் என்பதைச் சொல்ல டேட்டா சயின்டிஸ்ட் வேண்டாம்.

*

நம் பக்கத்துக்கு வருகிறேன், ஏனென்றால் என் நண்பர்கள் டெக்னாலஜி வந்தால் லீக்கேஜ் போய்விடும் என்று நம்புகிறவர்கள். அவர்களில் சிலர் அந்த டெக்னாலஜியைக் கட்டுகிறவர்கள்.

தெலங்கானாவில் பல அரசுத் தரவுத்தளங்களைப் பெயர், முகவரி வைத்து இணைத்துப் பார்க்கும் ஒரு மென்பொருளின் துணையோடு, தகுதியற்றவை என்று லட்சக்கணக்கான ரேஷன் அட்டைகளை ரத்து செய்தார்கள். சுமார் 19 லட்சம் அட்டைகளைக் களத்தில் மறுபடி சரிபார்க்கச் சொல்லி 2022இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பெயர் ஒத்துப்போன யாரோ ஒருவரின் காரைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டு அரிசியை இழந்த கைம்பெண்ணின் கதையைச் செய்தியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ‘லக்ஷ்மி’யும் ‘லட்சுமி’யும் ஒரே ஆளா என்று கண்டுபிடிக்கிற புரோகிராம் எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அது எவ்வளவு நாற்றம் பிடித்த வேலை என்று. நம் ஊர்ப் பெயர்களுக்கு இனிஷியல் வேறு.

தமிழ்நாட்டில் அரிசியைப் பொறுத்தவரை இந்தக் கூத்து குறைவு, காரணம் இங்கே பொது விநியோகம் எல்லோருக்குமானது. நீ ஏழைதானா என்று கேட்காத இடத்தில் பொய் சொன்னாய் என்று பிடிக்கவும் முடியாது. ரேஷன் அரிசி இங்கே திருடு போகவில்லையா என்றால், போகிறது, லாரியில், மூட்டை மூட்டையாக, மாநில எல்லை தாண்டி. ஆனால் மெஷினில் விரல் தேய்ந்து ரேகை விழாமல் நிற்கிற பாட்டி ஒரு கிலோகூட அந்த லாரியில் ஏற்றியதில்லை.

மகளிர் உரிமைத்தொகையில் கதை மாறியது. தேர்தலின்போது குடும்பத் தலைவிகளுக்கு என்றிருந்தது, 2023 பட்ஜெட்டில் ‘தகுதி வாய்ந்த’ குடும்பத் தலைவிகளுக்கு என்றானது. அந்த ஒரு சொல்லை வைத்து மீம் போட்டுச் சிரித்தோம். ஆனால் அந்தச் சொல்தான் ஒரு கோடு. வருஷ வருமானம் இரண்டரை லட்சம், மின்சாரம் 3,600 யூனிட், நாலு சக்கர வண்டி என்று அதற்கு அளவுகள். விண்ணப்பம் 1.63 கோடி, ஏற்கப்பட்டவை 1.06 கோடிக்குக் கொஞ்சம் மேல். மாசம் 1,000 ரூபாய். நிராகரிப்புக்கு எஸ்எம்எஸ் வந்தது, 30 நாளில் இ-சேவை மையத்தில் மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். டச்சு அரசு பல வருஷம் கொடுக்காத வசதி இது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. யாரையும் மோசடிக்காரி என்று சொல்லவும் இல்லை.

மேல்முறையீடு செய்தவர்கள் சுமார் 11.85 லட்சம் பேர். அவர்களில் 7.35 லட்சம் பேர் தகுதியானவர்கள் என்று 2023 நவம்பரில் சேர்க்கப்பட்டார்கள். வெற்றி என்று அரசு விழா நடத்தியது. நான் அந்த எண்ணை வேறு மாதிரி வாசிக்கிறேன். முறையிட்டவர்களில் ஐந்தில் மூன்று பேருக்கு முதல் முடிவு தப்பு. என் டீமில் ஒரு மாடல் இப்படி வந்தால் ரிலீஸை நிறுத்திவிட்டு உட்கார்ந்து காரணம் தேடுவோம். இங்கே எந்தத் தரவுத்தளத்தில் எந்தப் பொருத்தம் பிசகியது என்று ஒரு பக்க அறிக்கைகூட என் கண்ணில் படவில்லை. கேட்க வேண்டிய எதிர்க்கட்சிகளுக்கும் எல்லோருக்கும் கொடு என்ற கோஷமே போதுமானதாக இருந்தது.

நான் கேட்பது பெரிய புரட்சி இல்லை. தப்பாக நிறுத்திய தொகையை வட்டியோடும், அதற்கு மேல் ஒரு தண்டத்தோடும், துறை தன் சொந்த ஒதுக்கீட்டிலிருந்து கொடுக்க வேண்டும். ‘சேமிப்பு’ என்று சட்டமன்றத்தில் படிக்கிற அதே பக்கத்தில், பக்கத்துக் கட்டத்திலேயே, தப்பாக மறுக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையும் அச்சாக வேண்டும். கோடு எங்கே போடப்பட்டது என்ற கோப்பில் அமைச்சரின் கையெழுத்து இருக்க வேண்டும்; கான்ட்ராக்ட் எடுத்த கம்பெனியின் பெயரைக் காட்டி அவர் நழுவக் கூடாது. ரிலீஸ் நோட்டில் யார் அப்ரூவ் செய்தார் என்று ஒரு பெயர் இல்லாமல் நாங்கள் ஒரு பட்டனின் நிறத்தைக்கூட மாற்றுவதில்லை.

2025இல் மறுபடி முகாம் போட்டு விண்ணப்பம் வாங்கி இன்னும் பல லட்சம் பெண்களைச் சேர்த்தார்கள். தேர்தல் பக்கத்தில் வந்திருந்தது, கோடு தானாக ஏறியது. ஆனால் 2023இல் நிராகரிக்கப்பட்டு, எஸ்எம்எஸ் பார்த்தும் பார்க்காமலும், இ-சேவைக்குப் போக ஒரு நாள் கூலியை விட முடியாமலும், முறையிடாமலே விட்டவர்கள் ஏறக்குறைய 45 லட்சம் பேர். முறையிட்டவர்களில் ஐந்துக்கு மூன்று தப்பு என்றால் இவர்களில் எத்தனை? அவ்வளவு இருக்காது, தகுதியில்லை என்று தெரிந்தே விட்டவர்களும் நிறைய இருப்பார்கள். பத்தில் ஒன்று என்று வைத்தாலும் நாலரை லட்சம் பெண்கள், மாசம் ஆயிரம் ரூபாய், இரண்டு வருஷத்துக்கு மேல். அந்தப் பணம் இப்போது எந்தக் கணக்கில், என்ன தலைப்பில் இருக்கிறது?